மனதை மேய விடுங்கள்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புது யோசனை எதுவும் வரவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நம் ஊரில் கிடைக்கிற முதல் அறிவுரை, "ரெண்டு நாள் ஏற்காடு போயிட்டு வா". போகிறார்கள். சனிக்கிழமை காலை கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகும் கார்களுக்குப் பின்னால் ஊர்ந்து, ஏரியில் படகுக்கு வரிசையில் நின்று, லேடீஸ் சீட்டில் செல்ஃபி எடுத்து, அதை அங்கேயே ஸ்டேட்டஸில் போட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று நொடிக்கொரு தரம் எட்டிப் பார்த்து, ஞாயிறு இரவு அதே காலி மண்டையோடு, கூடவே கொஞ்சம் தலைவலியோடு இறங்கி வருகிறார்கள். மலை மேல் எந்தக் குற்றமும் இல்லை. போன இடத்திலும் மனதுக்கு யாரும் லீவு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். மனம் உருப்படியாக அலைய வேண்டுமானால், கிளம்பும் முன் அதற்கு ஒரு கேள்வி வேண்டும். அலையும்போது கைக்கோ காலுக்கோ லேசாக ஒரு வேலை வேண்டும். திரும்பி வரும்போது அது கொண்டுவந்ததைப் பிடித்து வைக்க ஒரு தாள் வேண்டும். இடம் நாலாவதுதான். அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் இது நடக்கும், சேர்வராயன் மலை உச்சியில் உட்கார்ந்தும் நடக்காமல் போகும்.

இது தியானமும் இல்லை. தியானத்தில் மனம் ஓடினால் திரும்பப் பிடித்து மூச்சில் கொண்டுவந்து நிறுத்துவோம். இங்கே ஓடினால் ஓடட்டும் என்று விடுகிறோம். இரண்டும் நல்லதுதான், ஆனால் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

ஏன் இது வேலை செய்கிறது

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கிற ஆற்றலில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், கணக்குப் போடும்போதும் சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போதும் இந்தச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் சும்மா இருக்கும்போது அது என்ன செய்துகொண்டிருக்கிறது? அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்கிலும் அவரோடு இருந்தவர்களும் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். வெளி வேலை குறையும்போது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாகின்றன. பழைய நினைவு, நாளைய திட்டம், அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்கிற யூகம் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் முட்டிக்கொள்ள அது வசதியான நேரம்.

ஆனால் வெறும் அலைச்சல் போதாது. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துத்தான் சி. வி. ராமனுக்கு, இந்த நிறம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்ற சந்தேகம் வந்தது. அதே கப்பலில் எத்தனையோ பேர் அதே கடலைப் பார்த்தார்கள். ராமனுக்கு மட்டும் அது கேள்வியானதற்குக் காரணம், ஒளியிலும் ஒலியிலும் அவர் ஏற்கெனவே வருடக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்ததுதான். அந்த வழியில் போய்த்தான் 1928இல் ராமன் விளைவும் 1930இல் நோபல் பரிசும் வந்தன. கடலைப் பார்ப்பது ஓய்வு. கடலைப் பார்க்கும் முன் செய்தது வேலை.

படி 1: முதல் நாள் இரவே கேள்வியை உள்ளே போடுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கிற படி இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926இலேயே, படைப்பு வேலை நாலு கட்டமாக நடக்கிறது என்று பிரித்தார். முதலில் தயாரிப்பு, அப்புறம் ஊறப்போடுவது, பிறகு பளிச்சென்று தோன்றுவது, கடைசியில் சரிபார்ப்பது. ஊறுவதற்கு ஏதாவது உள்ளே போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு நேரம் காத்திருந்தும் ஒன்றும் வராது.

ஆகவே முதல் நாள் இரவு ஒரு அரை மணி நேரம் அந்த விஷயத்தோடு நேராக மல்லுக்கட்டுங்கள். முட்டி மோதி, இதற்கு மேல் போகவில்லை என்று எரிச்சல் வருகிற இடம் வரை போக வேண்டும். அந்த எரிச்சல்தான் அடையாளம். அங்கே நிறுத்திவிட்டு, எங்கே சிக்கியிருக்கிறது என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

வரி எப்படி இருக்க வேண்டும்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், "தீபாவளிக்குப் புது டிசைன் வேண்டும்" என்று எழுதினால் அது ஆசை, கேள்வி இல்லை. "சலங்கை சத்தம் வேண்டாம் என்கிற காலேஜ் பெண்ணுக்கு, பார்த்தாலே சேலம் கொலுசு என்று தெரிகிற மாதிரி என்ன செய்யலாம்?" என்று எழுதினால் மனதுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு முனை கிடைக்கும். பின்னம் நடத்துகிற டீச்சருக்கு, "ஒன்றின் கீழ் நாலை விட ஒன்றின் கீழ் மூன்று ஏன் பெரியது என்பதைக் கரும்பலகை இல்லாமல் எப்படிக் காட்டுவது?" என்பது நல்ல கேள்வி. "பிள்ளைகள் ஏன் கவனிப்பதில்லை?" என்பது புலம்பல். "ஏன் எனக்கு மட்டும்" என்று தொடங்குகிற எந்த வரியையும் அடித்துவிடுங்கள், அது உங்களைக் குற்றக்கூண்டில் ஏற்றுமே தவிர யோசனை தராது.

ஒரு வேளைக்கு ஒரு கேள்வி. இரண்டு போட்டால் இரண்டும் வராது என்பது என் அனுபவம்.

படி 2: நேரத்தைப் பிடியுங்கள்

இருபது நிமிடம் போதும், நாற்பது கிடைத்தால் யோகம். நம் ஊர் வெயிலுக்கு மார்ச் முதல் மே வரை வெளியே நடப்பதென்றால் விடிகாலை விட்டால் வேறு வழியில்லை. ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் தெரு இன்னும் நம்முடையதாக இருக்கும். வீட்டுக்குள்தான் என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மந்தமான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அப்போது வேலை ஓடாது, வீணாகிறதே என்ற குற்ற உணர்ச்சியும் குறைவு.

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் என்று பேப்பரில் அறிவிப்பு வருகிற நாள் இருக்கிறதே, அதைத் திட்டாமல் காலண்டரில் குறித்து வையுங்கள். வைஃபை இல்லை, டிவி இல்லை, பக்கத்து வீட்டு மிக்சி இல்லை. அரசாங்கமே ஏற்பாடு செய்து தரும் மௌனம், காசு கூட இல்லை.

படி 3: போனை அறைக்கு வெளியே வையுங்கள்

சைலன்ட்டில் போட்டு மேஜையில் கவிழ்த்து வைப்பது பாதி வேலைதான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஒரு ஆய்வில், போன் பக்கத்தில் இருந்தாலே, அதைத் தொடாவிட்டாலும், கவனம் தேவைப்படும் சோதனைகளில் மதிப்பெண் குறைந்தது. அப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்ததில் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் போன் இருக்கும்போது கை நீளும் என்பதற்கு ஆய்வு வேறு வேண்டுமா என்ன. பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நேரம் பார்க்கப் பழைய அலாரம் கடிகாரம் போதும். வயதான அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், போனை விட முடியாது என்றால், ரிங் சத்தத்தை முழுதாக வைத்து, இணையத்தை மட்டும் அணைத்து, அடுத்த அறையில் வையுங்கள்.

ஹெட்போனில் பாட்டு, பாட்காஸ்ட் எதுவும் வேண்டாம். நல்ல விஷயம்தானே கேட்கிறேன் என்று தோன்றும். இன்னொருவர் உங்கள் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கும் வரை உங்கள் மனம் வாய் திறக்காது.

படி 4: கைக்கு ஒரு வேலை கொடுங்கள்

முழுக்க சும்மா உட்காருவதை விட, யோசிக்கத் தேவையில்லாத ஒரு வேலையில் கை இருந்தால் மனம் நன்றாக அலைகிறது. கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவில் 2012இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு செங்கல்லை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்கிற மாதிரியான கேள்விகளைக் கொடுத்து, நடுவில் இடைவேளை விட்டார்கள். இடைவேளையில் கடினமான வேலை செய்தவர்கள், சும்மா இருந்தவர்கள், இடைவேளையே இல்லாதவர்கள் எல்லோரையும் விட, எளிய சலிப்பான வேலை செய்தவர்கள்தான் திரும்பி வந்து அதிகம் முன்னேறினார்கள். அதிலும், ஏற்கெனவே பார்த்த கேள்விகளில் மட்டும். புதுக் கேள்விகளில் இல்லை. படி 1ஐ ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்று இப்போது புரியும். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் இந்த முடிவோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனாலும் என் வீட்டு அடுப்படி இந்தக் கட்சிதான்.

என்ன வேலை? முருங்கைக்கீரை உருவுவது, மொச்சை உரிப்பது, துணி மடிப்பது, வண்டி துடைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாத்திரம் தேய்ப்பது. தினம் போட்டுப் பழகிய கோலம் சரி, புதுக் கோலம் என்றால் புள்ளி எண்ணுவதிலேயே மனம் போய்விடும். வெங்காயம் நறுக்குவதும் வேண்டாம், விரல் முக்கியம். அதே மாதிரி, வண்டி ஓட்டும்போது இதைச் செய்யவே செய்யாதீர்கள், அதுவும் ஏற்காடு மலைப்பாதையில்.

நடை இன்னும் நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்ததை விட நடந்தபோது புதுப் புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்தன. அதில் எனக்குப் பிடித்தது இதுதான்: வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. அதாவது பச்சைப் பசேல் கட்டாயமில்லை, காலாற நடந்தால் சரி. கன்னங்குறிச்சிக்காரர்களுக்கு மூக்கனேரிக் கரை இருக்கிறது, ஊர் மக்கள் சேர்ந்து சீரமைத்தபோது ஏரிக்குள் அமைத்த மண் திட்டுகளில் இப்போது மரமும் பறவையுமாக இருக்கிறது. அம்மாப்பேட்டைப் பக்கம் குமரகிரி படிக்கட்டு. எதுவும் இல்லையா, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடங்கள்.

ஆனால் ஒரே ஒரு விடைதான் சரி என்கிற வகைக் கேள்விகளுக்கு அதே ஆய்வில் நடை உதவவில்லை, கொஞ்சம் மோசமாகக்கூட ஆனது. ஜிஎஸ்டி கணக்கு ஏன் இடிக்கிறது என்பதை நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

படி 5: முதல் பத்து நிமிடத்தைத் தாங்குங்கள்

அரிக்கும். கேஸை அணைத்தோமா என்று தோன்றும், யாருக்கோ பதில் அனுப்பவில்லை என்று நினைவு வரும், இதெல்லாம் வெட்டி வேலை என்று மனமே வக்கீல் வைத்து வாதாடும். உங்களுக்கு மட்டும் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் 2014இல் ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியாக, யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் உட்கார வைத்தார்கள். வேண்டுமானால் அழுத்தலாம் என்று, லேசாக ஷாக் அடிக்கிற ஒரு பட்டனும் கொடுத்தார்கள். இந்த ஷாக் வேண்டாம், தவிர்க்கக் காசு கூடத் தருகிறேன் என்று முன்பு சொன்ன அதே ஆட்களில், ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் தாங்களே அழுத்திக்கொண்டார்கள். சும்மா இருப்பதை விட ஷாக் மேல் என்று நினைக்கிற ஜீவன்கள் நாம்.

அதனால் முதல் வாரம் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். அப்புறம் கூட்டலாம். கேள்வியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டாம், தொடங்கும்போது ஒருமுறை அந்த வரியைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். மனம் போன தீபாவளிக்குப் போகும், பத்தாம் வகுப்பு நண்பனிடம் போகும், தட்டுவடை செட்டுக்கு வைத்த சட்னியில் என்ன போட்டார்கள் என்று ஆராயும். போகட்டும்.

படி 6: அலைவதா, அரைப்பதா என்று பாருங்கள்

மனம் அலைவது எப்போதும் இனிமையாக இருக்காது. கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் இருவரும் 2010இல் 2,250 பேரிடம் அவ்வப்போது போன் வழியாகக் கேட்டுப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லாமல் வேறெங்கோதான் இருந்தது, அப்படி இருந்தபோது மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மனதை அவிழ்த்துவிடச் சொல்ல மாட்டேன்.

சோதனை எளிது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எங்கே இருந்தீர்கள், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். இடம் மாறியிருந்தால் அலைச்சல். மச்சினர் கல்யாணத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலேயே திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருந்தால் அது அரைப்பது. அரைப்பதில் மாவு வராது. அப்போது எழுந்து வேகமாக நடங்கள், அல்லது கவனம் கேட்கிற வேலை எதையாவது எடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான் என்று விட்டுவிடுவதிலும் தப்பில்லை. தனியாக இருந்தாலே நாள் கணக்கில் இருட்டான நினைப்புகள்தான் வருகின்றன என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு இப்போது வேண்டாம். டாக்டரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

படி 7: வந்ததைப் பிடியுங்கள்

சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு, ஒரு பென்சில். போனில் குறித்துக்கொள்கிறேன் என்பவர்கள் திறந்ததும் வாட்ஸ்அப் பச்சைப் புள்ளியைப் பார்ப்பார்கள், அதோடு சரி. வந்தது அரைகுறையாக இருந்தாலும், அசட்டுத்தனமாக இருந்தாலும், அப்படியே எழுதுங்கள், படம் போட்டாலும் நல்லது. நல்லதா கெட்டதா என்று அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மறுநாள் தலை தெளிவாக இருக்கும்போது மேஜையில் உட்கார்ந்து பாருங்கள், பாதிக்கு மேல் குப்பைதான் இருக்கும். வாலஸ் சொன்ன நாலாவது கட்டம் அது, அதில் சோம்பல் பட்டால் மற்ற மூன்றும் வீண்.

மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு சின்ன வித்தை

ஈசிசேரில் சாய்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு. பாரிசில் 103 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு கணக்குக்குள் ஒளிந்திருந்த குறுக்கு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். இடையில் இருபது நிமிடம் ஓய்வு. தூக்கத்தின் முதல் வாசலில் 15 விநாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள், விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம், ஆழமாகத் தூங்கிப் போனவர்களில் 14 சதவீதம்தான். கண் அயர்வது சரி, குறட்டை விடக் கூடாது. கையில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு, கீழே எவர்சில்வர் தட்டை வைத்துச் சாயுங்கள். பிடி தளர்ந்து கரண்டி விழும் சத்தத்தில் எழுந்ததும் நோட்டை எடுங்கள். வீட்டில் மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

படி 8: வீட்டில் பேசி வாங்குங்கள்

"சும்மாதானே உட்கார்ந்திருக்க, அந்தக் கேஸ் புக் பண்ணு" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும். நேரத்தைக் கடிகாரத்தில் காட்டிச் சொல்லிவிடுங்கள்: ஆறரை வரைக்கும் நான் இல்லை.

ஆண்களுக்கு இது சுலபம், வாக்கிங் என்று கிளம்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் எடுத்துக் கொடுக்கிற பெண்ணுக்குக் கை ஓயலாம், காது ஓயாது. அம்மா சீப்பு எங்கே, மருமகளே மாத்திரை எங்கே என்று குரல் வந்துகொண்டே இருக்கும், அதனால் படி 4இல் சொன்ன கீரை உருவும் வேலை கூட அவருக்கு அலைகிற நேரமாக அமைவதில்லை. ஆகவே முறை வையுங்கள். இன்று நீங்கள் நடந்தால் நாளை அவர், அந்த நேரத்தில் சீப்பையும் மாத்திரையையும் நீங்கள் தேடுங்கள். இதைச் செய்யாமல் வீட்டில் ஒருவர் மட்டும் படைப்பாளி ஆவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிள்ளைகளுக்கும் இதே. மே மாதம் முழுவதையும் கீபோர்டு கிளாஸ், செஸ் கிளாஸ் என்று நிரப்பிவிடாதீர்கள். போர் அடிக்கிறது என்று வந்து நின்றால் "சரி" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

படி 9: இப்போது ஏற்காடு போகலாம்

மேலே சொன்னது பழகியவர்களுக்கு மலை நிஜமாகவே உதவும். சுமார் 1,500 மீட்டர் உயரம், கீழே சேலம் கொதிக்கும்போது அங்கே வெளியில் பகலிலும் நடக்க முடியும், அதுதான் பெரிய லாபம்.

வார நாளில் போங்கள், செவ்வாய் புதன் உத்தமம். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி சமயத்தில் வேண்டாம். காரை விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஜன்னல் ஓரம் பிடியுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓட்டுநர் பார்த்துக்கொள்வார், உங்கள் மனம் அடிவாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட், கையில் எலுமிச்சம்பழம்.

பார்க்க வேண்டிய இடங்கள் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றாக டிக் அடித்தால் அது டூர். ஊரின் இரைச்சலைத் தாண்டி, எஸ்டேட்டுகளுக்கு நடுவே போகிற சாலை ஒன்றைப் பிடித்து நடங்கள், நாகலூர் பக்கம் போகிற சாலை எனக்குப் பிடிக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழே காபிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார், அதன் நிழலில்தான் இன்று வரை மலை வாழ்கிறது. கோடை மழை ஒன்று பெய்து சில நாளில் காபி பூத்தால் வழியெல்லாம் மல்லிகை போல மணக்கும், முடிந்தால் அதற்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். தோட்டத்துக்குள் மட்டும் நுழையாதீர்கள், அது தனியார் இடம். இருட்டும் முன் ஊருக்குள் திரும்பிவிடுங்கள், காட்டெருமை நடமாட்டம் உண்டு, அதை நேரில் பார்த்தால் உங்கள் கேள்வி சுத்தமாக மறந்துபோகும்.

ஒரு மணி நேரம் நடந்ததும் எங்காவது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுங்கள். நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பலன் தொடர்வதாக அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு சொல்கிறது, நோட்டைத் திறக்க அதுதான் நேரம். பென்சில் கொண்டுபோங்கள், பனி மூட்டத்தில் தாள் ஈரமானால் பேனா எழுதாது. ஸ்வெட்டரும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மத்தியானம் முழுக்க மனம் அதைத்தான் யோசிக்கும்.

ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால்

நேரத்தைக் கூட்டாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். பெரும்பாலும் கேள்வி மிகப் பெரியதாக இருக்கும், அல்லது உங்களுக்கு உள்ளுக்குள் அதில் அக்கறையே இருக்காது, மேலதிகாரி கேட்டதால் எழுதியதாக இருக்கும். சின்னதாக, உங்களை நிஜமாகவே உறுத்துகிற ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பரண் மேல் ஏறாமல் டிரங்குப் பெட்டியை எப்படி இறக்குவது என்பது கூடப் போதும்.